பழுத்ததும் பழுதானதும்: ஒரு பச்சை டப்பாவும் ஒரு வீணையும்

சென்ற மாதம் என் மகள் வயிற்றுப் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வந்த மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தான். "தாத்தா, பாட்டி வீணையை ஒருத்தர் கேக்கறார். காசு இல்ல, பண்டமாற்று. அவர்கிட்ட ஒரு பெடல் இருக்கு. 1982-ல ஜப்பான்ல செஞ்சது. வின்டேஜ். அது கிடைக்கறதே அபூர்வம்."

பெடல் என்றதும் எனக்குத் தையல் மெஷின்தான் ஞாபகத்துக்கு வந்தது. என் வயசுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரிக் கிட்டாருக்கும் அதன் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே காலடியில் போட்டு வைக்கிற சின்ன இரும்பு டப்பா அது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தம் மாறும். சில டப்பா எதிரொலி போடும், சிலது குரலை நடுங்க வைக்கும். இந்தப் பச்சை டப்பா செய்கிற வேலை, சத்தத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக் கனமாக்குவது. திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரை அளவுக்கு மீறி வைத்தால் சத்தம் பிசிறடிக்கும் அல்லவா? அந்தப் பிசிறையே அளவாக, அழகாக, வேண்டிய நேரத்தில் மட்டும் வரவழைப்பது. கேலி செய்யவில்லை. ராக் சங்கீதத்தின் உயிரே அந்தப் பிசிறில்தான் இருக்கிறது என்று பேரன் சொல்கிறான். இரண்டு நாள் கேட்டபிறகு எனக்கும் பாதி புரிந்தது.

பெடலுக்குச் சொந்தக்காரர் கிட்டார் வாசிக்கிறவர் இல்லை. பழைய சாமான் சேர்க்கிறவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புது வீடு கட்டியிருக்கிறாராம். கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு பழைய தஞ்சாவூர் வீணை வேண்டுமாம். பேரன் எப்போதோ பேச்சுவாக்கில் பாட்டியின் வீணையைப் பற்றிச் சொல்ல, மனிதர் பிடித்துக்கொண்டார். "ஒரு வாரம் பெடலை வெச்சு வாசிச்சுப் பாரு, பிடிச்சா மாத்திக்கலாம்" என்று டப்பாவையே கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சுவரில் மாட்டவா? எனக்கு வந்த கோபத்தில் அன்று மாத்திரை போட்டுக்கொள்ள மறந்துவிட்டேன். ஆனால் முப்பத்தாறு வருஷம் குமாஸ்தாவாகக் கோப்பு எழுதினவன் நான். கோபத்தைக் குறிப்பில் எழுதினால் மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்புவார், காரணம் எழுது என்று. ஆகவே காரணம் எழுதுகிறேன்.

முதலில் அந்த வார்த்தை. வின்டேஜ். இன்றைக்குப் பழைய செருப்பு முதல் பழைய சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் இந்தப் பட்டம் கொடுத்து மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் இந்த வார்த்தையின் தாய்வீடு எனக்குத் தெரியும். 'வாந்தாஞ்ஜ்' என்பார் எங்கள் வாத்தியார். திராட்சை அறுவடை என்று பொருள். அதிலிருந்து கிளம்பித்தான் இங்கிலீஷில் வின்டேஜ் ஆயிற்று. பாட்டிலின் மேல் வருஷம் எழுதுவது எதற்கு என்று அவர் விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வருஷத்தில் வெயில் எப்படி அடித்தது, மழை எப்போது பெய்தது என்று தெரிந்துகொள்ளத்தான். நல்ல வருஷத்துத் திராட்சை என்றால் வைக்க வைக்க உயரும். கெட்ட வருஷத்துத் திராட்சை என்றால் நாற்பது வருஷம் நிலவறையில் வைத்தாலும் நாற்பது வருஷத்துக் கெட்ட ஒயின்தான். பத்து வயசுப் பையன்களுக்கு ஒயின் பாடம் நடத்தினார்களா என்று கேட்காதீர்கள். பிரெஞ்சுக்காரன் பாடப் புத்தகத்தில் அது இல்லாமல் இருக்காது.

நமக்கு ஒயின் எதற்கு, நெல்லே இருக்கிறதே. பழைய அரிசிக்கு இந்தப் பக்கத்தில் என்ன மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். புது அரிசி குழையும், பழைய அரிசி உதிரி உதிரியாக வரும், வயிற்றுக்கும் ஆகும். ஆனால் அறுப்பு நேரத்தில் மழையில் சாய்ந்து, களத்தில் முளைகட்டின நெல்லைப் பத்தாயத்தில் போட்டு மூன்று வருஷம் வைத்தால் பழைய அரிசி கிடைக்குமா? பூச்சிதான் கிடைக்கும். வயசு தானாக எதையும் உயர்த்தாது. உயரக்கூடிய சரக்கைத்தான் உயர்த்தும். வின்டேஜ் வின்டேஜ் என்று கூவுகிறவர்கள் வசதியாக மறந்துவிடுவது இதைத்தான்.

அப்படியானால் வயசாக ஆக உயரும் பொருள் எது, வீணாகும் பொருள் எது? இதற்கு நம் ஊர்ப்பக்கத்திலேயே சாட்சி உண்டு. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் நரசிங்கன்பேட்டை. அங்கே நாகஸ்வரம் செய்கிற குடும்பங்கள் ஆச்சா மரத்தில்தான் செய்கிறார்கள். அதிலும் புதுசாக வெட்டின மரம் அல்ல. இடிக்கிற பழைய வீடுகளின் உத்தரம், தூண், நிலை ஆகியவற்றைத் தேடி வாங்கிவந்து கடைகிறார்கள். அந்த மரம் பல தலைமுறை கூரையின் கீழ் நின்று, ஈரமெல்லாம் போய் இறுகியிருக்கும். இனி வளையாது, வெடிக்காது. அதனால் வாங்குகிறார்கள். 'இது எந்த ஜமீன்தார் வீட்டு உத்தரம்' என்று கேட்டு விலை ஏற்றிக் கொடுப்பதில்லை. மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். வித்தியாசம் புரிகிறதா? 2022-ல் நரசிங்கன்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடும் கைவேலைக்குக் கொடுத்ததுதான், பழமைக்குக் கொடுத்ததல்ல.

பழசுதான் உசத்தி என்று நான் கட்சி கட்டவில்லை என்பதற்கும் அதே ஊரே சாட்சி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலத்துக்கு முன்னால் வாசித்ததெல்லாம் திமிரி. குட்டை வாத்தியம், உயர்ந்த சுருதி. அவர் அதை விட்டுவிட்டு நீளமான, சுருதி இறங்கின பாரி நாயனத்துக்கு மாறினார். அதைச் செய்து கொடுத்தவர் நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அன்றைக்குப் பிள்ளைவாள் 'எங்கள் முன்னோர் வாசித்த வின்டேஜ் திமிரி' என்று அதையே கட்டிக்கொண்டிருந்தால், அந்தத் தோடியை நாம் கேட்டிருப்போமா? காது சொன்னதைக் கேட்டார், மாற்றினார்.

வீணை விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவிக்கு அவள் அப்பா தஞ்சாவூரில் செய்யச் சொல்லி வாங்கிக் கொடுத்தது. ஏகாந்த வீணை. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே பலா மரத்துண்டிலிருந்து குடைந்தது. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் அது ஒட்டு வீணை. பலா மரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும். இருபத்துநாலு மெட்டுகள், வாசிக்கிற தந்தி நாலு, தாளத்துக்குப் பக்கத்தில் மூன்று. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் நாட்டில் அதைப் பெற்ற முதல் வாத்தியம் அதுதான். அவள் இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் வாசித்தாள். அவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. உறை போட்டு அறை மூலையில் படுத்திருக்கிறது.

மரம் காயக் காய வாத்தியத்தின் நாதம் திறக்கும் என்று வீணை வாசிக்கிறவர்கள் சொல்வார்கள். சரி, பெடலுக்குள் எது காய்ந்து நாதம் திறக்கப்போகிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நானும் பேரனும் கடைத்தெருவில் இருக்கிற ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயசு சின்னவர். வால்வு ரேடியோ காலத்திலிருந்து இன்றைய எல்.ஈ.டி. டி.வி. வரை எல்லாம் பார்ப்பவர். இப்போது அவருக்கு முக்கியமான வரும்படி, பையன்கள் வீட்டில் ஹோம் தியேட்டர் என்று கட்டிக்கொள்கிறார்களே, அந்த அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர்தான்.

போவதற்கு முன் பேரன் எனக்கு அந்தப் பெடலின் ஜாதகத்தைச் சொன்னான். ஐபனெஸ் ட்யூப் ஸ்க்ரீமர். வடிவமைத்தவர் சுசுமு தமுரா என்ற ஜப்பானியர். முதலில் வந்தது டி.எஸ்.808, எழுபதுகளின் கடைசியில். 1982-ல் டி.எஸ்.9 வந்தது. ஸ்டீவி ரே வான் என்ற அமெரிக்கக் கிட்டார் மேதை இதை வைத்து வாசித்தார், அதிலிருந்துதான் இந்த மவுசு. இன்றைக்கும் அதே கம்பெனி அதே டி.எஸ்.9-ஐச் செய்து விற்கிறது. பேரனிடமே அந்தப் புதுசு ஒன்று இருக்கிறது, முதல் சம்பளத்தில் வாங்கினது. "அப்போ பழசு எதுக்குடா?" என்றேன். "பழசுல அந்த மேஜிக் இருக்கு தாத்தா" என்றான். மேஜிக்! எந்தக் கோப்பில் இந்த வார்த்தை வந்தாலும் நான் பேனாவை எடுத்துச் சிவப்புக் கோடு போட்டுவிடுவேன்.

808-க்கும் 9-க்கும் ஒலிப் பாதையில் என்ன வித்தியாசம் என்று துருவிக் கேட்டேன். கடைசியில் வெளியே வருகிற இடத்தில் இரண்டு ரெசிஸ்டர். ஒன்றில் 100 ஓமும் 10 ஆயிரம் ஓமும், மற்றதில் 470 ஓமும் 1 லட்சம் ஓமும். அவ்வளவுதானாம். ரிட்சி தெருவில் அந்த ரெசிஸ்டரைக் கைப்பிடி அள்ளி வாங்க ஒரு டீக்காசு போதும். இதற்காக ஒரு டப்பாவுக்கும் இன்னொரு டப்பாவுக்கும் நடுவே பல மடங்கு விலை வித்தியாசம்.

கடைக்காரர் டப்பாவைக் கவிழ்த்தார். பார்த்ததும் "நாலு ஸ்க்ரூவும் ஏற்கெனவே பல தடவை கழட்டினது சார்" என்றார். தலையெல்லாம் தேய்ந்திருந்தது. 'திறக்காத ஒரிஜினல்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அடித்தட்டைக் கழற்றினார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐசியை சாக்கெட்ல குத்தியிருக்கு பாருங்க. கம்பெனியில நேரா பலகையில பத்த வெச்சிருப்பான். யாரோ பழசைப் பிடுங்கிட்டு வேற போட்டிருக்காங்க." பேரன் எட்டிப் பார்த்து, "அதான் தாத்தா விசேஷம், ஜே.ஆர்.சி. 4558, இதைத்தான் எல்லாரும் தேடறாங்க" என்றான்.

கடைக்காரர் ஒன்றும் பேசாமல் பின்னால் திரும்பி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து மேஜைமேல் கொட்டினார். கறுப்பு மூட்டைப்பூச்சி மாதிரி எட்டுக்கால் ஐசிகள். பாதிக்குமேல் 4558. "நம்ம பாஸ்–ட்ரெபிள் போர்டுல போடறது இதுதானே தம்பி. எத்தனை வேணும்?" என்றார். வேறு வேறு கம்பெனிக்காரன் செய்தது, ஆனால் அதே சுற்று, அதே எண். குடவாசலில் பாதி வீட்டு ஹோம் தியேட்டருக்குள் இருக்கிற சாமான். அதன் பெயரைச் சொல்லித்தான் என் மனைவியின் வீணையைச் சுவரில் மாட்டக் கேட்கிறார்கள்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சருக்குள் ஈரப்பசை ஒன்று இருக்கிறது. வருஷம் ஆக ஆக, அதுவும் நம் ஊர் வெக்கையில், அது வற்றும். வற்றினால் அளவு குறையும், இரைச்சல் வரும், சில சமயம் கசிந்து பலகையையே அரித்துவிடும். இந்த டப்பாவில் ஒன்று உப்பியிருந்தது, இரண்டு ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது. ஆக, 1982 என்று சொல்லிக் கொடுத்ததில் 1982 எவ்வளவு பாக்கி? டப்பா, பச்சை பெயின்ட், சில ரெசிஸ்டர். மரத்தில் ஈரம் போனால் பழுக்கிறது, கண்டன்சரில் ஈரம் போனால் பழுதாகிறது. இரண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டு வியாபாரம் பண்ணுகிறார்கள்.

எல்லாப் பழைய பெடலும் இப்படித்தானா என்று கேட்டால், பேரன் ஒரு விதிவிலக்கு சொன்னான், அதையும் எழுதிவிடுகிறேன். 1966-ல் இங்கிலாந்தில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற வட்டமான பெடல், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது. அதில் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர். அந்தக் காலத்து டிரான்ஸிஸ்டர் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதால் நல்ல ஜோடி அமைந்த டப்பா உண்மையிலேயே தனி. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜெர்மானியம் சூட்டில் குணம் மாறும். சித்திரை மாதத்தில், கத்திரி வெயிலில், குடவாசலில் அதை வைத்து வாசித்தால் ஹெண்ட்ரிக்ஸ் வருவாரா, வேறு யாராவது வருவார்களா தெரியாது.

இன்னொரு கதையும் அவன்தான் சொன்னான், என் கட்சிக்கு அதுவே போதும். க்ளான் சென்டார் என்று ஒரு பெடல். அமெரிக்காவில் பில் ஃபினிகன் என்பவர் 1994 முதல் கையால் செய்து விற்றது. சுமார் 8,000 செய்திருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்காதபடி பலகைமேல் கறுப்பாக எபாக்ஸியை ஊற்றி மூடிவிட்டார். மூடினதுமே மர்மம் வந்துவிட்டது. மர்மம் வந்ததும் விலை வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு பழைய சென்டார் ஆயிரக்கணக்கான டாலர். பின்னால் யாரோ சுரண்டிப் பார்த்துச் சுற்றைப் படமாகவே போட்டுவிட்டார்கள். நூறு கம்பெனி நகல் செய்கிறது. இருந்தும் பழசின் விலை இறங்கவில்லை. அந்த மனிதரே பிறகு செய்த புதுப் பெடலின் மேல், இந்த விலைப் பைத்தியத்துக்கு நான் பொறுப்பில்லை என்கிற அர்த்தத்தில் அச்சடித்து விற்றாராம். செய்தவனே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறான், வாங்குகிறவன் கேட்கவில்லை.

சரி, சாமான் மாறியிருக்கலாம், சத்தம் உசத்தியாக இருந்தால்? அதையும் பார்த்தோம். பேரனின் புது டி.எஸ்.9-உம், வந்த டி.எஸ்.9-உம். உப்பின கண்டன்சரைக் கடைக்காரர் தொடவில்லை, அடுத்தவர் சாமான். கூடத்தில் என் எட்டு முழ வேட்டியைத் திரை கட்டினோம். திரைக்குப் பின்னால் நான். காசைச் சுண்டிப் பூ விழுந்தால் பழசு, தலை விழுந்தால் புதுசு. பேரன் திரைக்கு இந்தப் பக்கம் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, எந்த டப்பா என்று காகிதத்தில் எழுதவேண்டும். பத்துத் தடவை.

முதல் சுற்றில் எட்டு சரியாகச் சொன்னான். முகத்தில் என்ன வெற்றி! நான் தோற்றேன் என்றே நினைத்தேன். ஆனால் கடைக்காரர், கடையை மூடிவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார், "சார், பழசுல லெவல் குமிழ் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்றார். சத்தம் ஒரு இம்மி அதிகமாக இருந்தாலும் காது அதைத் 'தரம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளும், ஸ்பீக்கர் விற்கிறவன் எல்லாம் இந்த வித்தையைத்தான் செய்கிறான் என்றார். மீட்டரை வைத்து இரண்டையும் சமம் ஆக்கினார். டோனும் டிரைவும் காதால் ஒத்துப் பார்த்து வைத்தோம். இரண்டாவது சுற்றில் ஐந்து சரி, ஐந்து தப்பு. காசைச் சுண்டினாலே ஐந்து வரும். கடைக்காரருக்கு ஆறு. எனக்கு ஃபேன் சத்தம்தான் நன்றாகக் கேட்டது.

இது குடவாசல் குமாஸ்தாவின் கிறுக்கு என்று நினைக்கவேண்டாம். 2010-ல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்து ஹோட்டல் அறையில் இதையே வயலினுக்குச் செய்தார்கள். க்ளோடியா ஃப்ரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் தலைமையில். 21 வயலின் வித்துவான்கள். ஸ்ட்ராடிவாரி இரண்டு, குவார்னேரி ஒன்று, புதுசு மூன்று. கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி, பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுக்காமல் இருக்க மோவாய்க்கட்டையில் சென்ட். பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது புதுசு. யாருக்கும் அதிகம் பிடிக்காதது ஒரு ஸ்ட்ராடிவாரி. ஆக மரமே ஆனாலும் வயசைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பமுடியாது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத்தான் நம்பவேண்டும். இது என் வீணைக்கும் சேர்த்துத்தான் அடிக்கிறது, தெரியும். அதனால் எழுதாமல் விடமுடியாது.

பேரன் சும்மா இருப்பானா? ராத்திரி சாப்பிடும்போது கேட்டான். "சரி தாத்தா, பெடல்ல ஒண்ணும் இல்ல. ஒத்துக்கறேன். வீணையில என்ன இருக்கு? பதினோரு வருஷமா உறையை யாராவது கழட்டினோமா? அவர் வீட்டுச் சுவர்ல இருந்தா நாலு பேராவது பாப்பாங்க. இங்க எலிதான் பாக்குது."

எனக்குப் பதில் வரவில்லை. மகள் தட்டில் மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். உறையைக் கழற்றிப் பார்த்தோம். மெழுகு இளகி மெட்டுகள் பாதி நகர்ந்திருந்தன. இரண்டு கையோடு வந்துவிட்டது. தந்தி துரு. யாளியின் ஒரு காது உடைந்திருந்தது, எப்போது என்று தெரியாது. வீணைக்கு வருஷக்கணக்கில் மேளம் கட்டாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். மெழுகை மாற்றி, சுரஸ்தானம் பார்த்து மெட்டுகளைத் திரும்பப் பதிக்கவேண்டும். மரம் பழுக்கும் என்று மேலே பெரிதாக எழுதிவிட்டேன். வாசிக்காமல் மூலையில் போட்டால் அதுவும் விறகுதான்.

ஆனாலும் மாற்றுக்குச் சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் வேறு ஒன்று, வெளியே சொல்லாதது. 1986-ல் எங்களிடம் ஒரு தம்புராவும் இருந்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் இடம் இல்லை. அப்போதுதான் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி புதுசாக வந்த காலம். ஒரு வியாபாரி வீடு தேடி வந்தார், தம்புராவைக் கொடுத்து, மேலே 400 ரூபாய் போட்டால் பெட்டி. நான்தான் பேசி முடித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் தம்புராவை ஆட்டோவில் ஏற்றும்போது வாசலுக்கு வரவும் இல்லை. பெட்டி ஆறு வருஷம் கூடத் தாங்கவில்லை. உள்ளே இருந்த ஐசி போயிற்று, அதற்கு மாற்று கிடைக்கவில்லை. கொஞ்சநாள் அதன்மேல் டேபிள் ஃபேன் வைத்திருந்தோம். அந்தத் தம்புரா எங்கே, யார் வீட்டில், எந்தச் சுவரில் இருக்கிறதோ! சுருதிப் பெட்டி கெட்ட சாமான் என்று சொல்லவில்லை. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம். திரும்பச் செய்யமுடியாததைக் கொடுத்து, கடையில் நாளைக்கும் கிடைக்கிறதை வாங்கினேன். கணக்குத் தெரிந்த குமாஸ்தா செய்த வேலை அது.

அதனால்தான் மாற்று என்று யாராவது வந்தால் எனக்கு விலை பார்க்கத் தோன்றுவதில்லை. நாளைக்கு மனசு மாறினால் எது திரும்பக் கிடைக்கும் என்று பார்க்கிறேன். டி.எஸ்.9 போனால் இன்னொரு டி.எஸ்.9. பழசே வேண்டும் என்றாலும் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, காசைச் சேர்த்து வாங்கலாம். மாமனார் அட்வான்ஸ் கொடுத்துச் செய்யச் சொன்ன, அவள் விரல் பட்டு மெட்டுகள் தேய்ந்த வீணை ஒன்றுதான். அதில் நாதம் நன்றாக இருக்கிறதா என்பதுகூட அப்புறம்தான். இதை உணர்ச்சி என்று பேரன் சொன்னான். இருக்கட்டும். பச்சை டப்பாவில் மேஜிக் இருக்கிறது என்று அவன் சொன்னது மட்டும் கணக்கா?

அவனுக்கு நியாயமாக ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பெடலை அவன் தன் புது பெடலையும் கொஞ்சம் காசையும் கொடுத்து மாற்றிக்கொண்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். பழைய பெடல் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் எத்தனை பேர் கால் பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கு, தப்பில்லை. காதுக்கு வாங்குகிறேன் என்று சொல்லாதே. விற்கிறவனும் திறந்து காட்டி, எதை மாற்றியது எப்போது மாற்றியது என்று எழுதிக் கொடுத்து விற்கட்டும். பழைய வீட்டுப் பத்திரத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறோமே, நாற்பது வருஷத்து டப்பாவுக்கு ஏன் கேட்கக்கூடாது?

பெடலைத் திருப்பி அனுப்பியாயிற்று. வீணையைப் போன வாரம் வாடகைக் காரின் பின்சீட்டில் தலையணை அண்டக்கொடுத்துப் படுக்கவைத்து, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் கொண்டுபோய் மேளம் கட்டக் கொடுத்திருக்கிறோம். பேரன் கூட வந்தான். ஆசாரி யாளிக் காதைப் பார்த்துவிட்டு, புதுசாகச் செய்து ஒட்டலாம், ஆனால் பழைய பலாத் துண்டு கிடைக்கட்டும் என்றார். மாதக் கடைசியில் வரச் சொல்லியிருக்கிறார். யார் வாசிக்கப்போகிறார்கள் என்று அவர் கேட்டார். நான் பேரனைப் பார்த்தேன், அவன் போனைப் பார்த்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரர் நேற்று அவனுக்குப் போன் செய்து, வீணை இல்லாவிட்டால் பரவாயில்லை, வீட்டில் பழைய பித்தளை அண்டா ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். இருக்கிறது, தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறோம் என்று சொல்லச் சொன்னேன்.